இராமநாதபுரம் கடற்கரையின் ஏர்போர்ட் வண்டி: மாலத்தீவுக்குப் புறப்பட்ட ஓர் ஆசிரியையின் மதிப்பீடு

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வெளிநாட்டுக்குப் பாடம் நடத்தப் போகிறவர், விமானப் படியில் கால் வைப்பதற்கு முன்பே ஒரு நெடும்பயணத்தை முடித்தாக வேண்டியிருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம். இராமேஸ்வரத்தில் விமான நிலையம் அமைக்கும் திட்டம் 2025ஆம் ஆண்டுத் தமிழக நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டிருந்தாலும், பெட்டி படுக்கையோடு கிளம்புகிற எவரும் இப்போதைக்கு மதுரைக்கோ திருச்சிக்கோ திருவனந்தபுரத்துக்கோ சாலை வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். அந்தச் சாலைப் பயணத்துக்கென்றே கீழக்கரைப் பக்கம் சிலர் வண்டி வைத்து நடத்துகிறார்கள். ஊரில் அவற்றுக்கு ஏர்போர்ட் வண்டி என்றுதான் பெயர். மாலத்தீவில் கணித ஆசிரியையாகச் சேர்வதற்காகப் புறப்பட்ட நாளில் நான் அமர்த்திய அப்படியொரு சேவையைப் பற்றியதே இந்த மதிப்பீடு. ஏற்கெனவே தாங்க முடியாத அளவுக்கு அழைப்புகள் வருவதால் தம் பெயரையும் எண்ணையும் பொதுவெளியில் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே அவற்றை இங்கே தரவில்லை. கீழக்கரையிலோ ஏர்வாடியிலோ விசாரித்தால் இத்தகைய வண்டிக்காரர்களைக் கண்டுபிடிப்பது கடினமான காரியமன்று.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்கு முதன்முறை வேலைக்குப் போகும் ஆசிரியருக்கு, குறிப்பாகத் தனியாகப் போகும் பெண்ணுக்கு, இந்தச் சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். வண்டி புதியதா, இருக்கை மெத்தென்று இருக்கிறதா என்பவற்றையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செக்-இன் கவுண்ட்டர் முன்னால் போய் நிற்கும்போது கையில் இருக்க வேண்டிய தாள் கையிலும், பெட்டியில் இருக்கக் கூடாத பொருள் வீட்டிலும் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் ஏர்போர்ட் வண்டி ஒன்றின் உண்மையான வேலை என்று கருதுகிறேன். அந்த வேலையை இவர்கள் பயணத்துக்கு முந்தைய மாலையிலேயே தொடங்கிவிடுகிறார்கள். வாடகைக் கார் எங்கும் கிடைக்கும். இந்த அக்கறை எங்கும் கிடைப்பதில்லை.

வழித் தேர்வைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிலேயே உரிமையாளரின் அனுபவம் தெரிந்தது. தொலைவை மட்டும் பார்த்தால் மதுரைதான் எங்களுக்குப் பக்கம். பரமக்குடி, மானாமதுரை வழியாகப் போய், விரகனூரில் சுற்றுச்சாலை பிடித்து, விமான நிலையம் இருக்கும் பெருங்குடிக்குப் போய்விடலாம். மூன்று மணி நேரத்துக்குள் ஆகிற வேலை. ஆனால் மதுரையிலிருந்து மாலத்தீவின் தலைநகர் மாலேக்குப் போவதென்றால் கொழும்பில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்தோ மாலேக்கு நேரடி விமானம் இருக்கிறது. வானில் இருக்கும் நேரமும் ஒரு மணிக்குச் சற்று அதிகம்தான். சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தாலும், பெட்டி ஒரே முறைதான் கைமாறும், ஆவணச் சோதனையும் ஒரே விமான நிலையத்தில் முடியும் என்பதை எடுத்துச் சொல்லி, முடிவை என்னிடமே விட்டார். நீண்ட ஓட்டம் கிடைத்தால் அவருக்கு வருமானம் கூடும் என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆனால் துபாய்க்குப் போகும் என் தோழிக்கு மதுரையிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறது என்று சொல்லி அங்கே போகச் சொன்னவரும் இவர்தான் என்பதால், அந்த ஐயம் எனக்கு எழவில்லை. திருவனந்தபுரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மற்றொன்றையும் அவர் சொல்லக் கேட்டே அறிந்தேன். பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆராட்டு நாள்களில் சுவாமி ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்வதால், அந்த மாலைகளில் விமானப் போக்குவரத்தைச் சில மணி நேரம் நிறுத்திவைக்கிறார்கள். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே அந்தத் தேதிகளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

முந்தைய நாள் மாலை உரிமையாளரே திருப்புல்லாணியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பல ஆண்டுகள் சவூதியில் ஓட்டுநராக இருந்து ஊர் திரும்பியவர். கையில் ஒரு தொங்கு தராசு, ஒரு கட்டு நைலான் கயிறு, அகலமான ஒட்டு நாடா. பெட்டிகளைத் தராசுக் கொக்கியில் ஒவ்வொன்றாக மாட்டி, அப்பாவை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லித் தூக்கிப் பார்த்து, எடையை ஒரு தாளில் குறித்துப் பெட்டியின் மேலேயே ஒட்டினார். என் பயணச்சீட்டில் எத்தனை கிலோ அனுமதி என்பதைத் தம் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போனார். பாடப் புத்தகங்கள் அனைத்தும் ஒரே பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டி மட்டும் மற்றவற்றைவிட மிகக் கனமாக இருந்ததால், அவற்றைப் பிரித்து இரண்டிலும் அடியில் பரப்பச் சொன்னார். துணிகளுக்கு நடுவில் இருந்த பவர் பேங்க்கை எடுத்துக் கைப்பைக்கு மாற்றச் சொன்னார். அதை லக்கேஜில் போடக் கூடாது என்பது பலருக்குத் தெரிந்த விதிதான் என்றாலும், கிளம்புகிற அவசரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

பிறகு உணவுப் பொருள்கள். பருப்புப் பொடி, புளி, சாயல்குடிக் கருப்பட்டி, நார்த்தங்காய் ஊறுகாய், நெத்திலிக் கருவாடு என்று அம்மா கட்டிவைத்திருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எண்ணெய் மிதக்கும் ஊறுகாயை இரண்டு உறைகளில் போட்டு லக்கேஜில் வைக்கச் சொன்னார். கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள், அதில் எண்ணெய் இருப்பதால் எளிதில் தீப்பற்றும் பொருளாகக் கருதுகிறார்கள் என்று சொல்லி எடுத்து வைத்தார். கருவாட்டைப் பார்த்ததும், "அக்கா, மாசி விளையுற ஊருக்கே டீச்சரை அனுப்புறீங்க, இந்தக் கருவாட்டை நீங்களே வச்சுக்குங்க" என்று அம்மாவிடம் சொன்னார். எங்கள் பகுதிக் கடைகளில் விற்கும் மாசிக் கருவாட்டின் ஊருக்கே மகள் போகிறாள் என்பது அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது போலும். அந்த மாலை முழுவதும் அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

இந்தச் சேவையின் மதிப்பை நான் முழுமையாக உணர்ந்தது அடுத்து நடந்ததில்தான். பெட்டியில் சாமி சிலை, படம் ஏதேனும் இருக்கிறதா என்று அவர் மிக மெதுவாகக் கேட்டார். அம்மா பட்டுப்புடவை மடிப்புக்குள் ஒரு சிறு பித்தளைப் பிள்ளையாரை வைத்திருந்தார். மாலத்தீவுக்குள் வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டு செல்வதைச் சுங்க விதி தடை செய்கிறது. மதுவும் பன்றி இறைச்சிப் பொருள்களும் அதே பட்டியலில் உள்ளன. இதை அவர் அம்மாவின் மனம் நோகாதபடி விளக்கிய விதத்தை நான் மறக்க மாட்டேன். அந்நாட்டுச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றும், வேலைக்குப் போகிற முதல் நாளே சுங்க அதிகாரி முன்னால் பெட்டியைத் திறந்து நிற்கும் நிலை டீச்சருக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, சிலையைத் தாம் தொடாமல் அம்மாவையே எடுத்துப் பூஜை அறையில் வைக்கச் சொன்னார். அவர் மார்க்கம் வேறு. எங்கள் வீட்டின் நம்பிக்கைக்கு உரிய மரியாதையைத் தந்து, செய்ய வேண்டியதையும் செய்துவிட்டுப் போனார்.

ஆவணங்களில் அவர் கேட்டவை நான்கு: பாஸ்போர்ட், வேலை அனுமதிக் கடிதத்தின் அச்சுப் பிரதி, விமானச் சீட்டு, இமுகா பதிவின் கியூ.ஆர். குறியீடு. இமுகா என்பது மாலத்தீவுக் குடிவரவுத் துறையின் பயணி அறிவிப்பு. தரையிறங்குவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது. முகவரோ பள்ளியோ இதைச் செய்துவிட்டிருப்பார்கள் என்ற நினைப்பில் வந்து, விமான நிலைய வாசலில் கைப்பேசியைத் தட்டிக்கொண்டு நின்றவர்களைத் தாம் பார்த்திருப்பதாகச் சொன்னார். சான்றிதழ் மூலங்களை எக்காரணம் கொண்டும் பெட்டியில் போடக் கூடாது என்றார். தண்ணீர் புகாத உறையில் இட்டு, தோளில் மாட்டும் பையில்தான் வைக்க வேண்டும் என்றும், விமானம் இறங்கிய பிறகு படகுப் பயணம் இருப்பதை மறந்துவிடக் கூடாது என்றும் சொன்னார். கடற்கரையில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லைதான், ஆனாலும் சொன்னார்.

அதிகாலை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். மூன்றே முக்காலுக்கு வண்டி தெரு முனையில் விளக்கணைத்து நின்றது. மஞ்சள் போர்டு வண்டி, கூரையில் கேரியர், உள்ளே ஓட்டுநருடன் சேர்த்து ஏழு பேர் அமரலாம். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியைக் குறைந்த வாடகைக்கு ஓட்டுகிறவர்களும் எங்கள் பகுதியில் உண்டு. மாநில எல்லை தாண்டும் பயணத்துக்கு அதை நம்பிப் போவது பெரும் ஆபத்து. எல்லையில் மறித்தால் வண்டி நிற்கும், விமானம் நமக்காக நிற்காது. இவர்கள் கேரளத்துக்கான பெர்மிட் தாளை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார்கள். ஓட்டுநர் ஏர்வாடிக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். ஏறியவுடனேயே வண்டி எண்ணையும் தம் பெயரையும், வழியனுப்ப அம்மாவோடு உடன் வந்த அப்பாவின் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டார். நாங்கள் கேட்டு அவர் செய்யவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி வரையிலான பகுதிதான் இந்தப் பயணத்தில் ஓட்டுநரின் திறமையைச் சோதிக்கும் பகுதி. இரு புறமும் சீமைக் கருவேலம் சாலையை நெருக்கி நிற்கும். ஆடும் மாடும் சாலையின் சூட்டுக்காக இருட்டில் தார் மேலேயே படுத்திருக்கும். ஒளி போதாத அந்த நேரத்தில் ஓட்டுநர் எழுபதுக்கு மேல் போகவே இல்லை. சாயல்குடிக்கு அப்பால் சாலை வெறிச்சென்று கிடந்தபோதும் அதே வேகம். பின்னால் வந்த வண்டிகள் ஒலி எழுப்பி முந்திச் சென்றதை அவர் பொருட்படுத்தவில்லை. நேரத்தைக் கிளம்பும்போதே கணக்கிட்டு வைத்துக்கொண்டு, சாலையில் போய் அதைப் பிடிக்க முயலாத ஓட்டுநர் கிடைப்பது பெரும் பேறு. குளத்தூரைத் தாண்டி உப்பளங்கள் தொடங்கும் இடத்தில் விடிந்தது. உப்பு லாரிகள் நடமாடத் தொடங்கியிருந்தன.

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி வரை நாற்கரச் சாலை; வாகைக்குளம் சுங்கச்சாவடி தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறகு காலை உணவுக்கு நிறுத்திய இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது குறை. ஓட்டுநர் வழக்கமாக நிறுத்தும் சாலையோர உணவகம் அது. இட்லி நன்றாக இருந்தது, சாம்பாரும் குறையில்லை. ஆனால் பெண்களுக்கான கழிப்பறை பயன்படுத்தத் தக்கதாக இல்லை. தண்ணீர்க் குழாய் உடைந்திருந்தது, கதவில் தாழ்ப்பாளும் இல்லை. அதற்கு முன்பு தூத்துக்குடியருகே ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தியபோது, அங்கே பெண்கள் கழிப்பறை அதிகாலையிலும் திறந்திருக்கும், சுத்தமாக இருக்கும் என்று தெரிந்தே நிறுத்தினார். அந்த அறிவை உணவு நிறுத்தத்துக்கும் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஏழு மணி நேரம் சாலையில் இருக்கும் பெண்ணுக்கு இது சின்ன விஷயமன்று. உரிமையாளரிடம் பிறகு சொன்னேன். வேறு உணவகம் பார்க்கிறேன் என்றார்.

நான் போனது ஆனி மாதம். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி வரை வானம் வெளுத்துத்தான் இருந்தது. வெயில் எங்கள் ஊர் வெயில்தான். காவல்கிணறு வருவதற்குச் சற்று முன்பு ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்திக் கேரியர் மீது ஏறினார். எதற்கென்று முதலில் விளங்கவில்லை. தார்ப்பாயின் நான்கு மூலைகளையும் அவிழ்த்து, பெட்டிகளுக்கு அடியில் அதன் விளிம்பை மடித்துச் செருகி, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக மறுபடியும் இழுத்துக் கட்டினார். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மேலிருந்து அடிக்காது, பக்கவாட்டில் நுழைந்து தார்ப்பாயைத் தூக்கும். அது தூக்கிய பிறகு தோவாளை தாண்டியதும் மழை வரும். ஆகவே இங்கேயே கட்டிவிட வேண்டும் என்று கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னபடியே நடந்தது. காற்றாலைகளுக்கு நடுவே போகும்போது வண்டியே ஒரு பக்கம் சாய்ந்தாற்போல் இருந்தது. நாகர்கோவிலுக்குள் நுழைகையில் மழை பிடித்துக்கொண்டது. தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் கொட்டித் தீர்த்தது. பெட்டிகளை இறக்கியபோது ஒன்றின் மேலும் ஈரமில்லை. பாதையின் ஒவ்வொரு பகுதியிலும் வானிலை எப்படி மாறும் என்பதை அறிந்து வைத்திருக்கும் ஓட்டுநருக்கும், கைப்பேசி வரைபடத்தைப் பார்த்து ஓட்டுகிறவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அன்று நேரில் கண்டேன்.

மார்த்தாண்டத்தில் நெரிசல் இருக்கும் என்று அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார். அது அப்படியே செலவாயிற்று. களியக்காவிளையைக் கடந்ததும், நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாக நகருக்குள் போகும் பழைய சாலையை விட்டுவிட்டு, காரோட்டில் தொடங்கும் புறவழிச்சாலையில் ஏறினார். கோவளம், திருவல்லம் வழியாக அது நேரே சாக்கைக்குக் கொண்டு விடுகிறது. திருவனந்தபுரத்தில் பன்னாட்டு முனையம் சாக்கைப் பக்கமும், உள்நாட்டு முனையம் ஓடுபாதைக்கு மறுபுறம் சங்குமுகம் பக்கமும் இருப்பதால், தெரியாமல் மறுபக்கம் போய்விட்டால் சுற்றி வருவதற்குள் வியர்த்துவிடும். இவர் நேராகப் புறப்பாட்டு வாசலில் நிறுத்தினார். பதினொன்றரை மணி. விமானம் பிற்பகல் மூன்றுக்கு.

வாசலில் இறக்கிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்புவதுதான் உலக வழக்கம். இவர் தள்ளுவண்டி கொண்டுவந்து பெட்டிகளை ஏற்றிக் கொடுத்தார். அம்மாவும் அப்பாவும் உள்ளே வர முடியாது என்பதால் அவர்களை வண்டியில் உட்காரவைத்துவிட்டு, "டீச்சர், பெட்டி போட்டு, இமிக்ரேஷன் முடிஞ்ச பிறகு ஒரு போன் பண்ணுங்க, அதுவரைக்கும் இங்கேதான் இருப்போம்" என்றார். அப்படியே இருந்தார்கள். இதன் அருமை, வேலை அனுமதித் தாளில் ஏதேனும் சிக்கல் என்று கவுண்ட்டரில் நிறுத்திவைக்கப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு முன்னால் நின்ற ஓர் இளைஞரிடம் அனுமதிக் கடிதத்தின் அச்சுப் பிரதி கேட்டார்கள். அவரிடம் கைப்பேசியில் மட்டுமே இருந்தது. வெளியே கடை தேடி ஓடினார். என்னிடம் இரண்டு பிரதிகள் இருந்தன. லக்கேஜ் எடையும் தொங்கு தராசு சொன்னதற்கும் கவுண்ட்டர் காட்டியதற்கும் அரைக் கிலோகூட வேறுபடவில்லை.

விமானத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. உணவுத் தட்டை எடுத்துக்கொண்டு போவதற்குள் கீழே பவளத் தீவுகள் தெரியத் தொடங்கிவிட்டன. மாலே விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. அங்கிருந்து தலைநகருக்குப் போக 2018இல் திறக்கப்பட்ட பாலம் உண்டு. கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னுக்குத் தள்ள வேண்டும். குடிவரவில் கேட்டவை முந்தைய மாலை சரிபார்த்த அதே தாள்கள், ஏறக்குறைய அதே வரிசையில். சுங்கத்தில் பெட்டிகளை எக்ஸ்ரே கருவி வழியாக அனுப்பினார்கள், திறக்கச் சொல்லவில்லை. வெளியே வந்தால் சாலைக்கு அப்பால் கடல்தான். படகுத் துறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் சேர வேண்டிய தீவு ஏறக்குறைய இரண்டு மணி நேரப் படகுத் தொலைவில் உள்ளது. பள்ளி அனுப்பியவர் பெயர்ப்பலகையோடு நின்றார். தென்மேற்குப் பருவக் காலத்தில் அங்கே கடல் சும்மா இருப்பதில்லை. விரைவுப் படகு ஒவ்வோர் அலையிலும் எழும்பி விழுந்து, பக்கவாட்டுத் திரையையும் மீறித் தண்ணீர் உள்ளே வந்தது. பெட்டிகள் நனைந்தன, துப்பட்டா நனைந்தது. மடியில் வைத்திருந்த பைக்குள் சான்றிதழ்கள் மட்டும் காய்ந்தபடியே தீவில் இறங்கின. மறுநாள் காலை தலைமையாசிரியர் கேட்டதும் எடுத்துக் கொடுத்தேன்.

கட்டணத்துக்கு வருகிறேன். இந்த வகைப் பயணங்களில் போக, வர இரண்டு வழிக்கும் கிலோமீட்டர் கணக்கிட்டு வாங்குவதுதான் நடைமுறை. திரும்பி வரும்போது சவாரி கிடைக்காது என்பதால் அதை நியாயமற்றது என்று சொல்ல முடியாது. வாடகை, ஓட்டுநர் பேட்டா, சுங்கச்சாவடி, பெர்மிட் என எல்லாம் சேர்த்துப் 11,000 ரூபாய்க்குள் முடிந்தது. முந்தைய நாள் வந்து பெட்டி பார்த்ததற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை. ஆனால் விமான நிலையத்தில் காத்திருந்த நேரத்துக்கென ஒரு தொகை கணக்கில் சேர்ந்திருந்தது. தொகை சிறிது, காத்திருப்பும் பயனுள்ளது. நான் மகிழ்ந்தே கொடுத்திருப்பேன். எனினும் அமர்த்தும்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டும். மகளை அனுப்பிவிட்டுக் கனத்த மனத்தோடு திரும்பும் அப்பாவிடம் ஊர் வந்து சேர்ந்த பிறகு சொல்லுவது முறையன்று. ரசீதும் கையெழுத்தில் எழுதிய துண்டுத் தாள்தான். சில பள்ளிகள் சேரும்போது ஆகும் பயணச் செலவின் ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றன. அதற்கு முறையான பில் வேண்டும். இந்த இரண்டையும் உரிமையாளர் சரிசெய்தாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

வண்டியைப் பற்றியும் ஒரு குறை உண்டு. கடைசி வரிசை இருக்கை பெரியவர்களுக்கு ஏற்றதன்று. முழங்கால் மடக்கியபடியே ஏழு மணி நேரம் உட்கார முடியாது. அம்மாவுக்கு மூட்டு வலி இருப்பதால் நடு வரிசையில் உட்காரவைத்து, ஒரு பெட்டியைக் கேரியருக்கு மாற்ற வேண்டியிருந்தது. வழியனுப்ப நான்கைந்து பேர் வருவதாக இருந்தால் பெரிய வண்டியைக் கேளுங்கள், அல்லது வழியனுப்புவதை வீட்டு வாசலோடு முடித்துக்கொள்ளுங்கள். பிந்தையதைச் சொல்லும்போது எங்கள் ஊரில் எவரும் ஏற்க மாட்டார்கள் என்பதை அறிந்தே சொல்கிறேன். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை, இலங்கைக்குப் போகிறவரைப் படகுத் துறை வரை ரயிலில் உடன் சென்று அனுப்பிவைக்க முடிந்த கடற்கரை இது. வாசலோடு நின்றுவிடுவது எங்கள் மக்களுக்குப் பழக்கமில்லை.

மாலத்தீவில் இந்திய ஆசிரியர்கள் நீண்ட காலமாகவே பணிபுரிகிறார்கள். தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் போனவர்கள் அவர்களில் நிறைய. ஒரே நாளில் இரண்டு மூன்று பேர் சேர வேண்டியிருந்தால் பள்ளியிடம் கேட்டு மற்றவர்களின் எண்ணை வாங்கி ஒரே வண்டியில் போவது பல வகையிலும் நல்லது. வாடகையும் பங்காகும், விமான நிலையத்தில் துணையும் ஆகும். பணி வாரம் அங்கே ஞாயிறு முதல் வியாழன் வரை என்பதால், வெள்ளிக்கிழமை போய்ச் சேரும்படி பயணத்தை வைத்துக்கொண்டால் வேலை தொடங்கும் முன் உடம்புக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். இதையும் உரிமையாளர்தான் சொன்னார்.

வெள்ளி, சனிக்கிழமைகளில் இவர்களுக்கு வளைகுடாப் பயணிகளின் கூட்டம் அதிகம். குறைந்தது இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும். அமர்த்தும்போது கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டியவை: காத்திருப்புக் கட்டணம் எவ்வளவு, பெர்மிட் வாடகைக்குள் அடங்குமா, அச்சிட்ட பில் கிடைக்குமா, மழைக்காலமானால் தார்ப்பாய் இருக்கிறதா. ஓட்டுநரைக் குறிப்பிட்டுக் கேட்டால் அவரையே அனுப்ப முயல்கிறார்கள். விடுமுறைக்கு நான் திரும்பும்போது சாக்கை வருகை வாசலில் அதே ஏர்வாடித் தம்பியே வந்து நிற்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். காலை உணவுக்கு வேறு கடை பார்த்தாயிற்று என்றும் உரிமையாளரிடமிருந்து தகவல் வந்திருக்கிறது.